பிஜிஒய்-2 கிரிட்டிக்கல் கேர்: டிசம்பருக்குள் முடிவு சொல்ல வேண்டும், யாராவது வழி சொல்லுங்கள்

ஆர்எக்ஸ்_கண்மணி:

வணக்கம். அமெரிக்க மருத்துவமனைகளில் வேலை பார்க்கும் பார்மசிஸ்ட்கள் சிலர் இங்கே இருப்பதைப் பழைய இழைகளில் பார்த்தேன். அந்தத் தைரியத்தில் கேட்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும்.

இந்தியாவில் பார்ம்.டி (பார்மசிஸ்ட் பட்டம்) முடித்தவள் நான். கணவரின் வேலையை ஒட்டி இங்கே வந்து, வெளிநாட்டில் படித்த பார்மசிஸ்ட்களுக்கான எஃப்பிஜிஇசி சான்றிதழ் வாங்கி, இன்டர்ன் மணி நேரங்களை முடித்து, ஒருவழியாக இந்த ஜூலையில் ஒரு பெரிய மருத்துவமனையில் பிஜிஒய்-1 ரெசிடென்சியில், அதாவது பட்டத்துக்குப் பிந்தைய முதல் வருஷப் பயிற்சியில், சேர்ந்தேன். லைசென்ஸும் வந்துவிட்டது.

சேர்ந்து மூச்சு விடுவதற்குள் அடுத்த கேள்வி வந்து நிற்கிறது. எங்கள் மருத்துவமனையிலேயே கிரிட்டிக்கல் கேரில் (தீவிர சிகிச்சை) பிஜிஒய்-2 இடம், அதாவது அந்த ஒரு துறையில் இரண்டாம் வருஷப் பயிற்சி, ஒன்று உண்டு. டைரக்டர் போன வாரம் கூப்பிட்டு, விருப்பம் இருந்தால் எர்லி கமிட்மென்ட் போட்டு இப்போதே இடத்தை உறுதிசெய்துவிடலாம், யோசித்துச் சொல் என்றார். போட்டுவிட்டால் மேட்ச் (ரெசிடென்ட்களையும் இடங்களையும் பொருத்தும் தேசிய முறை) பக்கமே போக வேண்டாம், வீடு மாற வேண்டாம், இன்டர்வியூ அலைச்சல் இல்லை. ஆனால் டிசம்பர் நடுவிலேயே கையெழுத்துப் போட வேண்டும்.

இதுவரை ஐசியு ரொட்டேஷன் (ஒரு பிரிவில் சில வாரப் பயிற்சி) ஒன்றே ஒன்றுதான் முடித்திருக்கிறேன், செப்டம்பரில். பிடித்திருந்தது. பிடித்தது அந்த வேலையா, எனக்குப் பயிற்சி தந்த அந்த பிரிசெப்டரா என்பதுதான் எனக்கே தெளிவாகவில்லை. ஆன்காலஜி (புற்றுநோய்) எனக்கு ஜனவரியில்தான் வருகிறது, இன்ஃபெக்ஷியஸ் டிசீஸ் மார்ச்சில். அவற்றையெல்லாம் கண்ணால் பார்க்காமல் எப்படி ஒன்றில் போய் உட்காருவது?

இன்னொரு குழப்பம். அந்த யூனிட்டில் இருக்கும் பார்மசிஸ்ட்களில் ஒருவர், "பிஜிஒய்-2 இல்லாமல் இனிமேல் ஐசியு வேலையை மறந்துவிடு" என்கிறார். இன்னொருவர் பிஜிஒய்-2 செய்யாதவர். பல வருஷமாக அதே யூனிட்டில்தான் இருக்கிறார், டாக்டர்கள் முதலில் தேடுவதும் அவரைத்தான். யார் பேச்சைக் கேட்பது?

களைப்பும் இருக்கிறது. வார இறுதி ஸ்டாஃபிங் (வழக்கமான பார்மசிஸ்ட் டியூட்டி), ஆராய்ச்சி ப்ராஜெக்ட், விடாமல் பிரசென்டேஷன். இதே ஓட்டம் இன்னும் ஒரு வருஷமா என்று நினைத்தால் மலைப்பாக இருக்கிறது.

மாத்திரை_மாயாவி:

நான் மருந்துக்கடை ரீட்டெய்ல்காரன், கணக்கு மட்டும் சொல்கிறேன். ரெசிடென்டுக்குத் தருவது முழு பார்மசிஸ்ட் சம்பளத்தில் ஏறக்குறைய பாதி. ஆக, வராமல் போகும் மறுபாதிதான் நீங்கள் கட்டும் ஃபீஸ். முடித்து வந்த பிறகும் பல இடங்களில் பிஜிஒய்-2 ஆளுக்கும் மற்றவருக்கும் ஒரே சம்பள வரிசைதான். பேட்ஜில் பெயர் மாறும், பே-ஸ்லிப்பில் பெரிதாக ஒன்றும் மாறாது. செய்யாதே என்று சொல்லவில்லை. சம்பளம் கூடும் என்ற நினைப்பில் மட்டும் போகாதீர்கள்.

ஐசியு_அத்தை:

இந்தப் பெயரை எனக்கு வைத்தது ஒரு ரெசிடென்ட், அப்படியே ஒட்டிக்கொண்டது. ஐசியு பார்மசிஸ்ட், ரெசிடென்ட்களுக்கு பிரிசெப்டர். நானும் பிஜிஒய்-2 செய்தவள்தான், ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்பதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு படியுங்கள்.

மாயாவி சொன்னதில் தப்பில்லை. பணத்துக்காக யாரும் இதைச் செய்ய வேண்டாம்.

உங்கள் யூனிட்டில் இருக்கும் இருவர் சொல்வதும் உண்மைதான். உள்ளே வந்த காலம்தான் வேறு. நோயாளியை நேரடியாகக் கவனிக்கப்போகும் புதிய பட்டதாரிகள் எல்லோரும் 2020-க்குள் ரெசிடென்சி முடித்தவர்களாக இருக்க வேண்டும் என்று, ரெசிடென்சிகளை அங்கீகரிக்கும் பார்மசிஸ்ட் சங்கமான ஏஎஸ்ஹெச்பி முன்பு ஒரு கொள்கை வைத்திருந்தது. 2020 வந்தது, போனது. லைசென்ஸ் வாங்க இன்றைக்கும் ரெசிடென்சி கட்டாயமில்லை. ஆனால் சட்டம் கேட்காததை வேலை விளம்பரங்கள் கேட்க ஆரம்பித்துவிட்டன. பல்கலைக்கழக மருத்துவமனையில் ஐசியு இடம் என்றால், "பிஜிஒய்-2 அல்லது அதற்கு இணையான அனுபவம்" என்ற வரியைப் பெரும்பாலும் பார்ப்பீர்கள். பிஜிஒய்-2 செய்யாத அந்த சீனியர் உள்ளே வந்தது இந்த "இணையான அனுபவம்" வழியாகத்தான். அந்த வழியை யாரும் அடைக்கவில்லை. ஆனால் புதிதாக வருபவருக்கு அந்த அனுபவத்தை யார் தருவார்கள்? சின்ன மருத்துவமனைகள் தரும். அங்கே ஐசியு, வார்டு, எமர்ஜென்சி எல்லாவற்றையும் ஒருவரே பார்ப்பார், சில வருஷங்களில் கை பழகிவிடும். ஆன்காலஜியிலும் டிரான்ஸ்பிளான்ட்டிலும் இப்படி நுழைவது இதைவிடக் கடினம்.

சரி, பிஜிஒய்-2வில் புதிதாக என்ன கிடைக்கும்? மருந்து அறிவு என்றால், நீங்கள் நினைக்கும் அளவுக்கு இல்லை. வான்கோமைசின் ஆன்டிபயாட்டிக்குக்கு ஏயுசி (ஒரு நாளில் ரத்தத்தில் மருந்து இருக்கும் மொத்த அளவு) 400 முதல் 600 வரை என்ற 2020 வழிகாட்டுதல் இப்போதே உங்கள் விரல் நுனியில் இருக்கும். ரத்த அழுத்தத்தை ஏற்றும் நோரெபிநெஃப்ரின் அடுத்த வருஷமும் நோரெபிநெஃப்ரின்தான். மாறுவது ஒன்றுதான்: முதலில் வாய் திறப்பது யார் என்பது.

செப்சிஸ் (தொற்றால் உறுப்புகள் பழுதாகும் நிலை) நோயாளி ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். கிட்னி வேலை செய்யவில்லை, சிஆர்ஆர்டி (இடைவிடாத டயாலிசிஸ் மெஷின்) ஓடுகிறது, மெரோபெனெம் ஆன்டிபயாட்டிக் போகிறது. டோஸ் வைத்திருப்பது மெஷின் ஓடுவதைக் கணக்கில் கொண்டு. ராத்திரி ஃபில்டர் அடைத்துக்கொண்டது, மெஷின் நின்றுவிட்டது. திரும்ப எப்போது ஓடும் என்று யாருக்கும் நிச்சயமில்லை. அடுத்த டோஸைப் போடுவதா, குறைப்பதா, தள்ளிவைப்பதா? குறைத்தால், செப்சிஸின் முதல் இரண்டு நாளில் ஆன்டிபயாட்டிக் போதாமல் போகலாம். குறைக்காவிட்டால், வெளியேற வழியில்லாமல் மருந்து உடம்பில் சேரும்.

பிஜிஒய்-1 ரெசிடென்ட் இதைக் குறித்துவைத்துக்கொண்டு என்னிடம் வந்து கேட்பார். நான் சொல்வேன். அவர் போய் அதைப் பற்றிய கட்டுரைகளைத் தேடிப் படிப்பார். நல்ல பிள்ளைதான், அந்தக் கட்டத்துக்கு அது போதும். பிஜிஒய்-2 ரெசிடென்ட் நர்ஸிடம் விசாரித்து, சிறுநீர் எவ்வளவு என்று பார்த்து, புரோட்டோகால் விடும் அளவுக்கு ஆர்டரை மாற்றிவிட்டு, அப்புறம் என்னிடம் வர வேண்டும்: "இந்த டோஸைப் போகவிட்டேன், மெஷின் காலைக்குள் ஓடாவிட்டால் அடுத்ததைத் தள்ளிவைப்பதாக டாக்டரிடம் சொல்லியிருக்கிறேன், காரணம் இது." நான் ஒத்துக்கொள்ளலாம், ஒத்துக்கொள்ளாமலும் போகலாம். ஆனால் அவர் முடிவோடு வந்தாரா, கேள்வியோடு வந்தாரா என்பதைத்தான் நான் மதிப்பீட்டில் எழுதுவேன்.

இன்னொன்று, எமர்ஜென்சியில் நடப்பது. இன்ட்யூபேஷனுக்கு (மூச்சுக்குழாயில் டியூப் போடுவது), மயக்கும் எட்டோமிடேட்டும் ரொக்குரோனியமும் கொடுத்தாகிவிட்டது. எட்டோமிடேட் சில நிமிஷங்களில் இறங்கிவிடும். ரொக்குரோனியம் ஒரு மணி நேரம், சில சமயம் அதற்கு மேலும், தசைகளைக் கட்டிப்போட்டு வைத்திருக்கும். இடைப்பட்ட நேரத்தில் செடேஷன் (மயக்க மருந்து) இல்லையென்றால் அந்த மனிதர் விழித்திருப்பார். கையைக்கூட அசைக்க முடியாது, வெளியே இருந்து பார்ப்பவருக்குத் தூங்குவதுபோல் தெரியும். எந்த ரெசிடென்டைக் கேட்டாலும் இதைச் சொல்லிவிடுவார். டியூப் உள்ளே போனதும் அறையில் இருக்கும் எல்லோருடைய கண்ணும் ஆக்ஸிஜன் அளவிலும் எக்ஸ்ரேயிலும் இருக்கும்போது, ஃபென்டானிலையும் ப்ரோபோஃபாலையும் தயாராக எடுத்துவைத்துக்கொண்டு, "செடேஷன் இப்போது ஆரம்பிக்கலாம்" என்று கேட்காமலே சொல்கிறாரா? அதற்குத்தான் அந்த ஒரு வருஷம்.

ஐசியுவில் பார்மசிஸ்ட் ஏன் என்பதற்கு எல்லோரும் எடுத்துக்காட்டும் பாஸ்டன் ஆய்வு ஒன்று உண்டு, 1999-ல் ஜாமா மருத்துவ இதழில் வந்தது. பார்மசிஸ்ட் ரவுண்ட்ஸில் கூடவே நின்ற யூனிட்டில், மருந்து எழுதும் கட்டத்தில் நேரும், தடுத்திருக்கக்கூடிய பாதிப்புகள் 1000 நோயாளி-நாளுக்கு 10.4-லிருந்து 3.5-ஆகக் குறைந்தன. அது ரெசிடென்சியைப் பற்றிய ஆய்வு இல்லை. ஆனாலும் பாருங்கள், ஆர்டர் எழுதி முடித்து மருந்தகத்துக்கு வந்தபின் பிடிப்பதைவிட, எழுதும்போதே பக்கத்தில் நின்று சொல்வதில்தான் பலன் கிடைத்தது. பக்கத்தில் நின்றும் வாய் திறக்காத பார்மசிஸ்டால் என்ன பயன்?

ஆகவே "பிஜிஒய்-2 வேண்டுமா" என்று யோசிப்பதைவிட, "இந்த இடம் என்னை முதலில் பேச விடுமா" என்று யோசியுங்கள். பிரிசெப்டருக்கு ஏஎஸ்ஹெச்பி நான்கு வேலைகள் சொல்கிறது: நேரடியாகச் சொல்லிக்கொடுப்பது, செய்து காட்டுவது, பக்கத்தில் நின்று திருத்துவது, தள்ளி நின்று நடத்தவிடுவது. நான்காவது எல்லோருக்கும் வருவதில்லை. என்னோடு வேலை பார்த்த அருமையான பார்மசிஸ்ட்கள் சிலருக்கே அது கடைசி வரை வரவில்லை. ரவுண்ட்ஸில் கேள்வி விழுந்த அரை நொடியில் அவர்களே பதில் சொல்லிவிடுவார்கள்.

உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது, வெளியிலிருந்து வருபவருக்கு அது கிடையாது. இப்போதைய பிஜிஒய்-2 உங்கள் கண்ணெதிரே இருக்கிறார். ஒருநாள் காலை அவரோடு ரவுண்ட்ஸ் போங்கள். டாக்டர் கேள்வி கேட்டதும் அவர் டாக்டரைப் பார்த்துப் பதில் சொல்கிறாரா, பிரிசெப்டர் முகத்தைப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். ஜூலையில் பிரிசெப்டரைப் பார்த்தால் சரி. நவம்பர் முடியும்போதும் பார்த்துக்கொண்டிருந்தால், அங்கே கையெழுத்துப் போடுவதற்கு முன் நன்றாக யோசியுங்கள்.

எர்லி கமிட்மென்ட்டில் அவர்களுக்கும் ஆதாயம் உண்டு, மறந்துவிடாதீர்கள். தெரிந்த ஆள், சிஸ்டம் பழகிய ஆள், லைசென்ஸ் உள்ள ஆள், இடமும் நிரம்பிவிடும். அது கெட்ட நோக்கம் இல்லை. நீங்களும் அதே அளவு வெளிப்படையாகக் கேட்கலாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

இரவு_ஷிப்ட்_ராஜா:

அத்தை எழுதியதில் முக்கால்வாசி ஒப்புக்கொள்கிறேன். மீதி கால்வாசிக்குத்தான் இந்தப் பதில்.

நான் பிஜிஒய்-1 முடித்து நேராக நைட் ஷிப்டுக்குப் போனவன். "முதலில் வாய் திறப்பது" என்பதை இரவு தானாகவே கற்றுக்கொடுக்கும், முழுச் சம்பளத்தோடு. பகலில் ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஓர் ஆள், ராத்திரி மொத்தக் கட்டடத்துக்கும் ஒன்றிரண்டு பேர். பிரிசெப்டர் முகத்தைப் பார்க்க நினைத்தாலும் அங்கே பிரிசெப்டர் இல்லை.

ரத்தக் கட்டியைக் கரைக்கும் டெனெக்டிபிளேஸ் (டிஎன்கே) கதையைப் பாருங்கள். பக்கவாதம் என்றால் கிலோவுக்கு 0.25 மி.கி., அதிகபட்சம் 25 மி.கி. ஹார்ட் அட்டாக் என்றால் எடையைப் பொறுத்து 30 முதல் 50 மி.கி. வரை. ஒரே மருந்து, இரண்டு அவசரங்கள், ஒன்றின் டோஸை இன்னொன்றுக்குக் கொடுத்தால் மூளையில் ரத்தக் கசிவு வரை போகும். அதிகாலையில் போனில், "டிஎன்கே வேண்டும், சீக்கிரம்" என்று மட்டும் சொல்வார்கள். "எதற்கு? எடை எவ்வளவு? எடை பார்த்ததா, உத்தேசமா?" என்று கேட்காமல் நான் கையை நகர்த்த மாட்டேன். திட்டும் விழும். கேட்கும் பழக்கம் இரவில்தான் வந்தது.

இரவு தராதது என்ன என்றும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் அத்தை விடமாட்டார். யாரும் வந்து, "நேற்று நீ செய்தது சரி, ஆனால் இதைவிட நல்ல வழி ஒன்று இருந்தது" என்று சொல்வதில்லை. நோயாளி பிழைத்துவிட்டால் நாம் செய்தது சரி என்று நாமே நினைத்துக்கொள்வோம். அது ஆபத்து. நான் பகல் ஐசியு பார்மசிஸ்டிடம் கெஞ்சி ஓர் ஏற்பாடு செய்துகொண்டேன். ராத்திரி நான் எடுத்த முடிவுகளில் சந்தேகமானவற்றைக் குறித்துவைப்பேன், அவர் காலையில் பார்த்துக் கருத்து எழுதுவார். நல்ல மனிதர், செய்தார். எல்லோரும் செய்வார்கள் என்று சொல்ல முடியாது.

சான்றிதழ் விஷயம்: பிஜிஒய்-1 முடித்ததுமே பிசிபிஎஸ் (பொதுவான மருந்து சிகிச்சைச் சான்றிதழ்) தேர்வு எழுதலாம். கிரிட்டிக்கல் கேருக்கான பிசிசிசிபி எழுத, பிஜிஒய்-2 இல்லாதவர்கள் அந்தத் துறையில் சில வருஷங்கள் வேலை பார்த்துக் காட்ட வேண்டும். அவசரம் இல்லையென்றால் அது பெரிய தடை இல்லை.

களைப்பு என்று எழுதியிருந்தீர்கள். அத்தை அதைத் தொடவே இல்லை. ரெசிடென்சியில் வாரத்துக்கு 80 மணி நேரம் என்பது நான்கு வாரச் சராசரிக்கான உச்சவரம்பு. சில இடங்களில் அதையே சாதாரண வேலை நேரம்போல நடத்துகிறார்கள். நவம்பரிலேயே களைத்திருக்கும் ஒருவர், அது ரொட்டேஷன் தந்த களைப்பா, இந்த இடமே தரும் களைப்பா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். இடம்தான் காரணம் என்றால், அதே இடத்தில் இன்னொரு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடுவது எப்படிச் சரியாகும்?

ஆர்எக்ஸ்_கண்மணி:

இவ்வளவு விரிவாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. எல்லோருக்கும் நன்றி.

அத்தை, நீங்கள் சொன்னபடி இன்று காலை பிஜிஒய்-2வோடு ரவுண்ட்ஸ் போனேன். அவர் பிரிசெப்டரைப் பார்க்கவில்லை. ஒரு இடத்தில் பிரிசெப்டருக்கு அவர் சொன்னதில் உடன்பாடு இல்லை, ஆனால் அங்கே எதுவும் சொல்லாமல், ரவுண்ட்ஸ் முடிந்து நடந்து போகும்போதுதான் பேசினார். எனக்கு அது பிடித்திருந்தது.

ராஜா அண்ணா, களைப்பைப் பற்றிக் கேட்டதும் யோசித்தேன். பெரும்பாலும் ப்ராஜெக்ட்தான். டேட்டா எடுக்க அனுமதியே இன்னும் வரவில்லை, அதன் கவலை. ஐசியு மாதத்தில் நேரம் அதிகம் போனாலும் அந்தச் சோர்வு இல்லை.

இரண்டு கேள்விகள் பாக்கி. ஆன்காலஜியை டிசம்பருக்கு முன் பார்க்க ஏதாவது வழி உண்டா? அடுத்தது, நான் எச்-4 (எச்-1பி ஊழியரின் துணைவருக்கான விசா) வேலை அனுமதியில் இருக்கிறேன். கார்டு அடுத்த அக்டோபரில் முடிகிறது, அதாவது பிஜிஒய்-2 நடுவில். டைரக்டரிடம் இதை இன்னும் சொல்லவில்லை.

ஐசியு_அத்தை:

முதல் கேள்வி சுலபம். ரொட்டேஷன் வரிசை கல்லில் வெட்டியது இல்லை. டைரக்டரிடம் போய், முடிவெடுப்பதற்கு முன் ஆன்காலஜி பார்மசிஸ்டோடு ஒன்றிரண்டு நாள் நிற்க வேண்டும் என்று கேளுங்கள். மாற்றித்தர முடியாவிட்டாலும் கூட நிற்க விடுவார்கள். கீமோ ஆர்டரை அவர்கள் சரிபார்க்கும் விதத்தைப் பாருங்கள்: உடல் பரப்பளவு, முந்தைய சுழற்சியில் வெள்ளணு எவ்வளவு இறங்கியது, இதுவரை சேர்ந்த டாக்ஸோரூபிசின் மொத்த அளவு. அந்த நிதானமான வேலை உங்களுக்குப் பிடிக்கிறதா, இல்லை பத்து நிமிஷத்தில் ஐசியு பக்கம் கண் ஓடுகிறதா என்று உங்களுக்கே தெரிந்துவிடும். டைரக்டர் இதற்கு முகம் சுளித்தால், அதையும் ஒரு தகவலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

ரவுண்ட்ஸில் பார்த்ததாகச் சொன்னீர்களே, அந்த பிரிசெப்டர் நல்லவர். ரெசிடென்டை டாக்டர்கள் முன்னால் திருத்தாமல் தனியாகச் சொல்வதற்குப் பொறுமை வேண்டும். நோயாளிக்கு ஆபத்து இல்லாத வரைக்கும்தான், அது வேறு.

இன்னும் ஒன்று கேளுங்கள்: பிஜிஒய்-2வுக்கு ஸ்டாஃபிங் எங்கே? ஐசியு பார்மசிஸ்டாகவே ஸ்டாஃபிங் என்றால் அதுவும் பயிற்சிதான். கீழே சென்ட்ரல் பார்மசியில் ஆர்டர் வெரிஃபை செய்வது மட்டும் என்றால், ஆள் பற்றாக்குறைக்கு உங்களை வைத்து அடைக்கிறார்கள்.

விசா என் ஏரியா இல்லை. பேப்பர்_புலி எங்கே?

பேப்பர்_புலி:

வந்துவிட்டேன். நான் வக்கீல் இல்லை, ஒரு மருத்துவமனையில் ரெசிடென்சி புரோகிராமின் நிர்வாக வேலைகளைப் பார்க்கிறேன்.

பிஜிஒய்-2 குறைந்தது 52 வாரம். ஏஎஸ்ஹெச்பி விதிப்படி அந்த 52 வாரத்தில் வேலையில் இல்லாத நாட்கள் பொதுவாக 37-ஐத் தாண்டக் கூடாது. லீவு, உடம்பு சரியில்லாத நாள், பண்டிகை விடுமுறை எல்லாம் அதில் சேர்த்தி. தாண்டினால் ரெசிடென்சியை நீட்டித்து ஈடுகட்ட வேண்டும், அந்த நீட்டிப்புக்குச் சம்பளம் உண்டா என்பது அந்தந்த மருத்துவமனையின் கொள்கை. ஆகவே அக்டோபரில் கார்டு முடிந்து புதுக் கார்டு வரத் தாமதமானால், நீங்கள் வேலைக்கு வர முடியாத ஒவ்வொரு நாளும் இந்தக் கணக்கில் ஏறும்.

புதுப்பிக்கும் விண்ணப்பத்தை கார்டு முடிவதற்கு 180 நாள் முன்பிருந்தே போடலாம், அதாவது வரும் ஏப்ரலிலேயே. கணவரின் எச்-1பி வேலை விசா எப்போது முடிகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள், உங்கள் கார்டு அதைத் தாண்டி நீளாது. உங்கள் மருத்துவமனை பல்கலைக்கழகத்தோடு இணைந்த லாப நோக்கற்ற நிறுவனமாக இருந்தால், எச்-1பி ஆண்டு ஒதுக்கீட்டுக் குலுக்கலுக்கு வெளியே உங்களுக்கே நேரடியாக ஸ்பான்சர் செய்ய வாய்ப்பு உண்டு. ரெசிடென்ட்களுக்கு அதைச் செய்வார்களா என்பது வேறு கேள்வி. பல இடங்களில் ஊழியருக்குச் செய்வார்கள், ரெசிடென்டுக்குச் செய்ய மாட்டார்கள்.

டைரக்டரிடம் இந்த வாரமே சொல்லுங்கள். மறைக்க இதில் ஒன்றும் இல்லை, பின்னால் தெரிந்தால்தான் சங்கடம். அவர் "பார்த்துக்கொள்ளலாம்" என்று சொன்னால் அதோடு எழுந்து வந்துவிடாதீர்கள். ஹெச்ஆரிடம் இரண்டு விஷயத்தை மின்னஞ்சலில் வாங்குங்கள்: கார்டு தாமதமானால் ரெசிடென்சியை நிறுத்திவைத்துத் தொடர விடுவார்களா, நீட்டிக்கும் நாட்களுக்குச் சம்பளம் தருவார்களா. எர்லி கமிட்மென்ட் ஒப்பந்தத்தில் கையெழுத்து அதற்கப்புறம்.